கயிற்றுக்கடை ஒழுங்கையின் வெள்ளிக்கிழமை

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே கதவுப் பிடி சுடுகிறது. ஊசி இரண்டு முறிந்தது. இன்றைய வேலை: கிண்ணியாப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை ஆறு. லீலா டீச்சரின் சாரிச் சட்டை (போனமுறை கை இறுக்கம், புதிதாக வெட்டவேண்டும்). மெஷினுக்கு எண்ணெய். காஸ் முடியப்போகிறது.

ஒழுங்கை வாசலில் பலகை நட்டுவிட்டார்கள். பெரிய வண்ணப் படம். ‘புதிய நகர மையம் – உங்கள் கருத்துடன்.’ புல்தரை, வாங்கு, பலூனோடு ஒரு குழந்தை. எங்கள் கயிற்றுக்கடை ஒழுங்கை இருக்கவேண்டிய இடத்தில் வாகனத் தரிப்பிடம். நின்று கணக்குப் பார்த்தேன். என் தையல்கடை மூன்றாவது காருக்குக் கீழே வருகிறது. சிவப்புக் கார்.

காரணம் சின்ன எழுத்தில்: ‘ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த ஒழுங்கை.’

ஆள் நடமாட்டத்தை எண்ண அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரையில் இருந்து இரண்டு மணிவரை, அதுவும் ஒரேயொரு நாள். அந்த நேரம் இங்கே நாய்கூட நிற்காது. என் கடையையும் சைக்கிள் கடையையும் விட்டால் மற்றதெல்லாம் முஸ்லிம் ஆட்களின் கடை. பூட்டிவிட்டு ஜும்மா தொழப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அது தெரிந்து கிண்ணியா, மூதூர்ச் சனமும் இரண்டரைக்குப் பிறகுதான் கயிறு, வலை, ஆணி வாங்க வரும். திருகோணமலையில் இது தெரியாத ஆள் உண்டா?

ஒருவன் உண்டு. திட்ட அதிகாரி. சிவகரன், பாலையூற்றுக்காரன். சின்ன வயதில் அவனுக்குக் காற்சட்டை தைத்தவள் நான். இருபது வருடம் கொழும்பில் இருந்துவிட்டுத் துரையாகத் திரும்பி வந்திருக்கிறான். இனி இந்தக் கொப்பியில் அவன் பெயர் முழுதாக வராது. சி. மட்டும். அதுவே அதிகம்.

போன மாதக் கூட்டத்தை மறக்க ஏலவில்லை. எழும்பி, “வெள்ளிக்கிழமை எண்ணினது...” என்று தொடங்கினேன். சி. என் கையில் இருந்த மைக்கை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தான். “அக்கா, தையல் கதை வேண்டாம், திட்டக் கதை கதைப்பம்.” மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்துக் கயிற்றுக்கடை மஜீத் நானாகூடச் சிரித்தார். பிறகு மூன்று நாள் வந்து மன்னிப்புக் கேட்டார். அவரை மன்னித்துவிட்டேன். சி.யை இல்லை. இந்த ஜென்மத்தில் இல்லை.

எழுத்தில் கருத்துக் கொடுக்க நாளை கடைசி நாள். எட்டுப் பக்கம் எழுதி முடித்துவிட்டேன். கை உளைகிறது. கடை கடையாக, மணி மணியாக, எந்தக் கிழமை யார் வருவார்கள் என்று எல்லாம் இருக்கிறது. எட்டாம் பக்கத்தில் கொஞ்சம் திட்டும் இருக்கிறது. வெட்டவில்லை.

ஜூலை 2, புதன்

காற்று நிற்கவில்லை. கடைக்குள் ஒரு கோப்பை மண்.

கடிதம் வைக்க உறை இல்லை, பசையும் காய்ந்துபோய்க் கிடந்தது. மண்ணிறக் கடதாசியை மடித்து, உள்ளே வைத்து, நாலு பக்கமும் மெஷினில் அடித்து மூடினேன். சிவப்பு நூல். பூனை மேசையில் ஏறி எல்லாவற்றையும் கலைக்கிறது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் அடித்தேன். வெளியே கொட்டை எழுத்தில் என் பெயர், கடை இலக்கம்.

திட்ட அலுவலகத்துப் பெட்டியின் வாய்க்குள் உறை நுழையவில்லை. தங்கராசா அண்ணை (அங்கே பைல் தூக்குகிற ஆள், ஓய்வு பெற நாலு மாதம்தான்) கையில் வாங்கிக்கொண்டார். “இதென்ன பிள்ளை, தலகாணியே?”

“உங்கட சேருக்கு நித்திரை வராட்டி வச்சுப் படுக்கட்டும்” என்றேன். சிரித்தார்.

சி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தான். என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்தான். மணியும் அடிக்கவில்லை, வாயும் அசையவில்லை.

அவனுக்கு நடக்கவேண்டியவை: கச்சான் காற்றில் அவன் படமெல்லாம் பறந்து கடலில் விழவேண்டும். பெரிய ஆட்கள் நடுவில் காற்சட்டை கிழியவேண்டும். கிழிந்து என்னிடம்தான் வரவேண்டும். நான் ஏலாது என்று சொல்லவேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

லீலா டீச்சரின் சட்டைக் கைக்கு வெட்டிய கடதாசியைக் காணவில்லை. பழைய பேப்பரில் இரண்டு கைக்கும் அளவு பார்த்து வெட்டி மடித்து வைத்தது. அலுமாரி, மேசை, துண்டுப் பெட்டி எல்லாம் தேடியாகிவிட்டது. பூனையின் வேலைதான். குட்டி போட இடம் தேடுகிறது, பேப்பர் கண்டால் இழுத்துக்கொண்டு போகிறது. டீச்சருக்குப் போன் எடுத்து மெஷின் பழுது என்று பொய் சொன்னேன்.

மத்தியானம் மஜீத் நானா கடை பூட்டும்போது, “எண்ண வந்தா நீ மட்டும் ஒழுங்கை முழுக்க ஓடித் திரி புள்ள, நாப்பது பேரெண்டு எழுதட்டும்” என்றார். சிரிப்பு வரவில்லை. அவருடைய வாப்பா போட்ட கடை. காருக்கு வழி விடு என்றால் எங்கே போவார்? நான் எங்கே போவேன்? பாலையூற்று வீட்டு விறாந்தையில் மெஷினைப் போட்டால் கிண்ணியாவில் இருந்து யார் தேடி வருவான்?

பின்னேரம் பலகையில் புதிய அறிவித்தல். ‘பொதுமக்களின் கருத்துகள் யாவும் பரிசீலிக்கப்பட்டன. இறுதிக் கூட்டம் 15ஆம் திகதி.’

புதன்கிழமை பின்னேரம் பெட்டியை மூடினார்கள். இன்று வெள்ளி. என் எட்டுப் பக்கத்தை வாசிக்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும். பெட்டி நிறையக் கிடந்ததை எப்போது வாசித்தான்? அறிவித்தலைக் கிழிக்கக் கை போனது. சைக்கிள் கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கோபம். ஒழுங்காக எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குக் கடற்கரைப் பக்கம் போனேன், ரபீக்கின் வண்டியில் இறால் வடை. வடையைச் சுற்றித் தந்த கடதாசியில் ‘பொதுமக்கள் கருத்துப் படிவம்’ என்று இருந்தது. கீழே யாரோ ஒருத்தியின் எழுத்து: நான் பிள்ளைத்தாச்சி, பஸ் நிலையத்தில் பெண்களுக்கு மலசலகூடம் வேண்டும், தயவுசெய்து. அதன்மேல் எண்ணெய்.

“எங்கால ரபீக் இந்தக் கடதாசி?”

“எப்பவும் வாறதுதானே அக்கா. கந்தோருகள்ல முடிஞ்ச பேப்பர். கிலோக் கணக்கில வாங்கிற.” பிறகு வண்டிக்குக் கீழே குனிந்தான். “நல்ல வேளை கேட்டீங்க. இது உங்கட தையல்தானே? வெட்ட மனம் வரல்ல. பேரும் போட்டிருக்கு.”

என் உறை. ஒரு மூலையில் எண்ணெய் வட்டம். முகப்பில் என் பெயருக்குக் குறுக்கே நீல முத்திரை: ‘பரிசீலிக்கப்பட்டது’. திகதி ஜூலை 3. பக்கத்தில் சி.யின் கையெழுத்து, வால் நீட்டி.

நாலு பக்கமும் சிவப்பு நூல். ஒரு தையல்கூட அறவில்லை.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தால் துணியில் தெரியாது, கடதாசியில் தெரியும். ஊசி போன துளை கடதாசியில் மூடாது. என் துளைகள் மட்டும்தான். திறக்காமலே பரிசீலித்திருக்கிறான். மூடிய உறைக்குக் கையெழுத்து வைத்து வடைக்கு அனுப்பியிருக்கிறான்.

ரபீக்கிடம் இருந்த மற்றப் படிவங்களையும் வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் அதே நீலம், அதே திகதி.

சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், கோபத்தை விடச் சந்தோஷம்தான் கூட. மாட்டினான். உறையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

காஸ் வந்தது. பட்டன் முடிந்தது, வெள்ளை, நாலு துளை.

தங்கராசா அண்ணை கடைக்கு வந்தார். ரபீக் சொல்லியிருக்கிறான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“பிள்ளை, முத்திரை குத்தி ‘முடிஞ்சது, அள்ளு’ எண்டு தந்தவை. முடிஞ்ச பேப்பரை எப்பவும் நான்தான் விக்கிறனான், எல்லாருக்கும் தெரியும். இப்ப நீங்கள் இதைக் கிளப்பினா அந்த மனிசன் என்ர தலையிலதான் போடுவான். நாலு மாசம், பிள்ளை. நாலே நாலு மாசம்.”

“உங்கட பேர் என்ர வாயால வராது அண்ணை.”

“வராதெண்டு எனக்குத் தெரியும். அவன்ர வாயால வரும்.”

சரியாகத்தான் சொல்கிறார். சி. அப்படித்தான் செய்வான். உறையைத் தூக்கிக் காட்டினால், ‘அதை வெளியே விட்டது யார்?’ என்று கதையைத் திருப்பிவிடுவான். அண்ணைக்குப் பென்சன் போகும், சி. காரில் போவான். எனக்கு அவன் வேண்டும், அவன் மட்டும். எப்படி என்று தெரியவில்லை. தலையிடி.

ஜூலை 12, சனி

எல்லாம் போச்சு.

லீலா டீச்சரின் அளவைத் திரும்ப எடுக்க அளவுக் கொப்பியைத் திறந்தேன். நடுவில் என் கடிதம். எட்டுப் பக்கமும். மடித்தபடி, பத்திரமாக.

கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் எழும்பவில்லை. அன்று பூனை மேசையைக் கலைத்தபோது மாறிப்போயிருக்கிறது. கடிதம் என்று நினைத்து டீச்சரின் கை வெட்டிய கடதாசியை வைத்துத் தைத்திருக்கிறேன். முப்பது வருடமாகத் தைக்கிறவள்! பூனைக்கு வேறு அடித்தேன். பாவம் அது, வயிற்றில் குட்டிகளோடு.

ஒழுங்கைக்காக நான் கொடுத்த கருத்து ஒரு சோடிச் சட்டைக் கை. அவன் திறந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொழும்புவரை சொல்லிச் சிரித்திருப்பான். எனக்கு அழுகை வந்தது. அவன்மேல் அல்ல, என்மேல். மஜீத் நானாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எட்டுப் பக்கம் கொடுத்துவிட்டேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தது நான்தானே.

சோறு இறங்கவில்லை. பூனைக்கு மீன் தலை வைத்தேன், மன்னிப்புக்கு.

(பின்னேரம்) அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிட்டு நிற்கும்போது அந்த யோசனை வந்தது. அவன் திறந்து பார்க்கவில்லையே. உள்ளே சட்டைக் கை இருப்பது அவனுக்கும் தெரியாதே.

தண்ணி வற்றிக் கேத்தல் அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கூட்டம். நீலச் சாரி. கைப்பைக்குள் உறை, கத்தரிக்கோல்.

மண்டபம் நிரம்பிவிட்டது. கிண்ணியாவில் இருந்தே ஒரு வான் சனம். தலைமைக்கு மேலிடத்தில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தா. மூக்குக்கண்ணாடி, குறைந்த கதை. சி. படம் போட்டு விளக்கம் கொடுத்தான். “மக்களின்ர ஒவ்வொரு கருத்தையும் நானே தனிப்பட்ட முறையில வாசிச்சு, பரிசீலிச்சு, உள்வாங்கியிருக்கிறன்.” கடைசியில் கேள்வி நேரம். நான் கை தூக்கினேன். சி. வேறு பக்கம் பார்த்தான். தலைமை அம்மா என்னைக் காட்டினா.

“சேர், எல்லாத்தையும் நீங்கள்தான் வாசிச்சனீங்களோ?”

“ஓம் அக்கா.”

“என்ரயையும்?”

“ஓம் ஓம். நல்ல விரிவான கடிதம்.”

“அதில என்ன எழுதியிருந்தனான் சேர்?”

கொஞ்சம் விழித்தான், ஆனால் வாய் நிற்கவில்லை. “உங்கட ஒழுங்கையைப் பற்றி. வியாபாரிகளின்ர கஷ்டம் பற்றி. முக்கியமான விசயங்களைத் திட்டத்தில சேர்த்திட்டம்.”

உறையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். தலைமை அம்மாவின் மேசையில் வைத்தேன். “அம்மா, இது என்ர உறை. இது சேரின்ர முத்திரை, இது கையெழுத்து. தையலைப் பாருங்கோ. ஒருக்காப் பிரிச்சிருந்தாலும் கடதாசியில ரெண்டாம் துளை இருக்கும்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் பிடித்துப் பார்த்தா. நாலு பக்கமும். காற்றாடி மட்டும் கிறீச் கிறீச் என்றது.

சி. எழும்பினான். “இது எப்பிடி வெளியில போனது? ஒஃபிஸ் ஆவணம் இது! தங்கராசா எங்க?”

அண்ணை கதவடியில் சுவரோடு சுவராக நின்றார். முகம் வெளிறிப்போய். இந்த இடத்துக்குத்தான் பயந்தேன். தலைமை அம்மா நிமிரவே இல்லை. “அது என்ர கேள்வி இல்லை. இந்தக் கையெழுத்து உங்கடயா?”

“ஓம் மேடம், ஆனா...”

“இருங்கோ.”

நான் கத்தரிக்கோலை நீட்டினேன். அம்மாவே வெட்டினா. உள்ளே கையை விட்டு எடுத்து விரித்துப் பிடித்தா. பழைய பேப்பரில் வெட்டிய ஒரு சோடிச் சட்டைக் கை. ஒன்றில் கிரிக்கெட் செய்தி. மற்றதில் என் எழுத்து: ‘லீலா டீச்சர், அரை இஞ்சி கூட்டு.’

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மூன்றாம் வரிசையில் இருந்த லீலா டீச்சர், “ஐயோ, அது என்ர!” என்று கத்தினா.

“பிழை என்னிலதான் அம்மா” என்றேன். மைக் என் கையில் இருந்தது, இந்தமுறை யாரும் பறிக்கவில்லை. “கடிதத்துக்குப் பதிலா மாறி வச்சுத் தைச்சிட்டன். எனக்கே போன சனிக்கிழமைதான் தெரியும். வாசிச்சவருக்கு மூண்டாம் திகதியே தெரிஞ்சிருக்கோணும்.” சி.யின் பக்கம் திரும்பினேன். “தையல் கதை வேண்டாமெண்டீங்கள் சேர். அதைத்தான் திட்டத்தில சேர்த்திருக்கிறீங்கள்.”

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கிண்ணியா வான்காரர் கதிரையில் தட்டினார்கள். மஜீத் நானா குந்தியிருந்து கண்ணைத் துடைத்தார். நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காதுவரை சிவந்தது, கழுத்துவரை இறங்கியது. ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன். அதற்காகத்தானே வந்தேன்.

தலைமை அம்மாவின் உத்தரவு: கருத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. எல்லாப் படிவமும் (ரபீக்கிடம் வாங்கியதையும் கொடுத்துவிட்டேன்) மூன்று பேர் முன்னால் வாசிக்கப்படும். ஒழுங்கையில் திரும்ப எண்ணுவது, கிழமையின் ஏழு நாளும், காலையில் இருந்து பின்னேரம்வரை. அதுவரை ஒரு கடையிலும் கை வைக்கக் கூடாது. முத்திரை குத்தினவரே பொறுப்பு, தொழிலாளியை யாரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

தங்கராசா அண்ணை வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

ஜூலை 16, புதன்

நல்ல நித்திரை. பல நாளுக்குப் பிறகு.

மஜீத் நானா வீட்டில் இருந்து வட்டிலப்பம். ரபீக் ஆறு வடை, வெள்ளைக் கடதாசியில் சுற்றி (“இனி உங்களுக்குப் புதுப் பேப்பர்தான் அக்கா”). டீச்சரின் சட்டை முடிந்தது, கை சரியாக இருக்கிறது. ரோட்டில் போகிற தெரியாத ஆள்கூட என்னைக் கண்டு, “கை எப்பிடி?” என்று கேட்கிறான். பூனை நாலு குட்டி, துண்டுப் பெட்டிக்குள்.

ஏழு நாள் எண்ணினாலும் கடைசியில் என்ன முடிவெடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பன்னிரண்டே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. ஒழுங்கை நடுவில். ஓர் ஆள் இல்லை, அதனால் எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பான். சி. தனியாக இறங்கினான். சேர்ட் கசங்கியிருந்தது.

“அக்கா, அந்தக் கடிதம் இருக்கோ? தாங்கோ. கொண்டுபோய் வாசிக்கிறன்.”

“கொண்டுபோக ஏலாது. இஞ்ச நிண்டு வாசியுங்கோ. சத்தமா.”

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வாங்கினான். நான் மெஷினை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தி வாசித்தான். எட்டுப் பக்கமும். கடை கடையாக, மணி மணியாக. இரண்டாம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வந்தபோது நிறுத்தி, வெளியே பூட்டியிருந்த கதவுகளைப் பார்த்தான். எட்டாம் பக்கத்துத் திட்டையும் வாசித்தான். ஒரு சொல்லும் விடவில்லை.

“அக்கா, நம்புவீங்களோ தெரியாது. சின்னனில அம்மாவோட வந்த நேரமெல்லாம் இந்த ஒழுங்கை இப்பிடித்தான் வெறிச்செண்டு கிடந்தது. அதுதான், அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது எனக்குப் பிழையெண்டே படேல்லை.”

மெஷினில் இருந்து காலை எடுத்தேன். அவனுடைய அம்மாவை எனக்கு நினைவு இருக்கிறது. மெலிந்த மனுசி, எப்போதும் வெள்ளிக்கிழமை, எப்போதும் மத்தியானம். ஏன் என்றும் தெரியும். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“அம்மா வேணுமெண்டுதான் அந்த நேரம் வாறவ. ஒட்டின இடத்திலயே திரும்ப ஒட்டுப் போடக் கொண்டுவாற காற்சட்டை. நாலு பேர் பாக்கக் கூடாதெண்டு, ஆள் இல்லாத நேரமாப் பாத்து.”

குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன். குத்தியது. கதிரையில் இருந்துவிட்டான். கடிதத்தை மடித்தான், விரித்தான், திரும்ப மடித்தான். அம்மா போய் மூன்று வருடமாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை இனித்த மாதிரி இது இனிக்கவில்லை.

அதற்குள் பள்ளியில் தொழுகை முடிந்துவிட்டது. மஜீத் நானா கதவைத் தூக்கினார், அவரைத் தொடர்ந்து எதிர்க்கடை, மூலைக்கடை. கிண்ணியா பஸ் இறக்கிய சனம், மூதூர்க்காரரின் லொறி, வலை மூட்டை, கயிற்றுச் சுருள், தள்ளுவண்டிகள். சி. எழும்பி வாசலுக்கு வந்தபோது காரின் முன்னாலும் பின்னாலும் பாதை இல்லை. ஒருவர் அதன் மூடியில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். உதடு அசைந்தது. எண்ணுகிறான் போல.

மஜீத் நானா என் பக்கம் தலையை நீட்டினார். “புள்ள, சேருக்குப் போகோணும் போல. தள்ளுவண்டிய எடுக்கவா?”

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, இருக்கட்டும் என்றேன்.